ஐயம்பேட்டைக்காரர்கள் முன்னால் என் இடது கால்

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காலைத் தூக்கியவள் நான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் தூக்குவேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஓரிக்கையில் வீடு. கல்லூரி முடிந்தும் கபடியை விடவில்லை. ஓர் ஆட்டத்தில் இடது தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டது. மாவட்ட அணித் தேர்வுக்கோ மூன்று வாரம்தான் இருந்தது.

பிசியோதெரபி பார்த்த அக்கா, "உக்காந்துக்கினே குதிகாலை நாற்காலிக் காலுல வெச்சு பின்னால அழுத்து. கால் நகரக் கூடாது, தசை மட்டும் இறுகணும். பத்து எண்ணிட்டு விடு. பக்கத்துல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. ஆனா மெதுவா அழுத்தணும்" என்றார். (அந்த 'மெதுவா' மட்டும் என் காதில் விழவில்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "கால் வலின்னு மூச்சு விடாத. நொண்டின்னு சொல்லிடுவாங்க" என்று அம்மா எச்சரித்திருந்தாள். தொடைக்கட்டு நழுவாமலிருக்கப் பட்டுச்சேலைக்குள் கபடி டிராக் பேன்ட் போட்டிருந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை.

கேசரி கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு வீட்டிலும் பட்டு நெசவு என்பதால் பெரியவர்கள் ஜரிகை விலை பேசினார்கள். சும்மா இருப்பானேன் என்று குதிகாலை அழுத்தி எண்ணத் தொடங்கினேன். உதடு அசைந்திருக்க வேண்டும்.

"பொண்ணு ஏதோ சுலோகம் சொல்லிக்கினு இருக்குது. பக்தி ஜாஸ்தி போல" என்றார் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை.

அம்மா முகத்தில் பெருமை. எனக்கும் உற்சாகம் வந்து, இன்னும் பலமாக அழுத்தினேன். எட்டு எண்ணும்போது நாற்காலியின் கால் முறிந்தது. அத்தையின் கேசரித் தட்டில் கையை ஊன்றிக்கொண்டே தரையில் விழுந்தேன். விழுந்ததுகூடப் பரவாயில்லை, தொடைத் தசை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உயிர் போகிற வலி.

"இன்னாமா ஆச்சு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஒண்ணும் இல்லீங்க, கால் தடுக்கிடுச்சு" என்றாள் என் அம்மா. (உட்கார்ந்திருந்தவளுக்கு!)

அந்தப் பொய்யைக் கேட்டதும் எனக்கு வலியைவிடக் கோபம் அதிகமாகிவிட்டது. "அப்பா, உங்க துண்டைக் குடுங்க" என்றேன். மல்லாந்து படுத்து, துண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை மடக்காமல் காலை மேலே இழுத்தேன். சேலை சரிந்து ஊதா நிற டிராக் பேன்ட் வெளியே வந்தது. எட்டுப் பேர் பார்த்தார்கள்.

"கபடில அடிபட்டது. முப்பது எண்ணினா சரியாயிடும். நீங்க பேசிக்கினு இருங்க" என்று விட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை சத்தமாகவே எண்ணினேன்.

பதினேழாவது எண்ணில் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடுவீங்களா?"

"ஆடுவேன். பதினெட்டு."

"எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க."

"அப்போ வேற பொண்ணு பாருங்க. பத்தொன்பது."

மறுநாள் தரகர் வந்தார். "காலைத் தூக்கிக்கினு மாப்பிள்ளைக்குப் பதில் சொல்ற பொண்ணு நமக்குச் சரிப்படாதுன்றாங்க" என்றார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மாவட்ட அணியில் இடம் கிடைத்ததைச் சொன்னபோதும் பேசவில்லை.

பிறகு, கபடியோடு சேர்த்தே என்னைக் கட்டிக்கொண்ட ஒருவர் கிடைத்தார். ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் பிடிவாதம் பிடித்தாலும் "காலைத் தூக்கிட்டாங்க" என்று சொல்வது இன்றுவரை நிற்கவில்லை. போன மாதம் என் மகள், சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன், அன்றைக்கு மேட்ச் என்றாள்.

"தோ, இவளும் காலைத் தூக்கிட்டா" என்றாள் அம்மா.

"தூக்கட்டும்மா" என்றேன்.