ஒன்பதாவது பூசை செல்லுமா?

ரொம்ப்லோன் தீவு,
டிசம்பர் 26, முடியப்பர் திருநாள்.

சிபுயான் தீவின் பங்குத்தந்தை, சங்கைக்குரிய லியாந்த்ரோ சுவாமி அவர்களின் சமூகத்திற்கு, தங்களைத் தொட்டிலில் ஆட்டிய தாய்மாமன் செவரினோ மரீன்யாஸ், ஓய்வுபெற்ற பிறப்பு இறப்புப் பதிவாளர், தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முழங்கால் வலி, இரண்டு கோழிகள் ஆகிய நால்வரும் சௌக்கியம். அங்கே தாங்களும், பங்கு மக்களும், நான் சுமந்து வந்து ஒப்படைத்த பளிங்குப் பாலன் இயேசுவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாலனின் இடது கால் கட்டைவிரலில் இருக்கும் சிராய்ப்புக்குச் சிற்பியைத் திட்ட வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

தங்களிடம் ஒரு தீர்ப்பு வேண்டும். ஒரே விடியற்காலையில் மூன்று இடங்களில் மூன்று துண்டாகக் கண்ட பூசை, ஒரு முழுப் பூசையாகுமா, ஆகாதா? பதிலைப் பங்கு முத்திரையோடு, கையெழுத்தோடு, ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று ராசாக்கள் திருநாளுக்குள் அனுப்ப வேண்டும். ஏன் என்று கேட்பாய். நாற்காலியைப் பிடித்துக்கொள். உன் மாமன் கலியாணம் செய்துகொள்ள நினைக்கிறான்.

உன் அத்தை போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மிச்சமெல்லாம் கோழிகளுக்குப் போய் அவை நடக்க முடியாமல் கொழுத்துவிட்டன. எங்கள் கோயில் வாசலில், மேலும் கீழும் தணல் வைத்துப் பிபிங்கா என்னும் அரிசி அப்பம் சுட்டு விற்கும் காசில்டாவை உனக்குத் தெரியும். அவளும் தனிக்கட்டைதான். நவம்பரில் ஒரு நாள் துணிந்து கேட்டேவிட்டேன். சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "கிறிஸ்மஸுக்கு முந்துன ஒம்பது விடியக்காலப் பூசையும் ஒண்ணு விடாம பாருங்க பதிவாளரய்யா. நினைச்சது நடக்கும்னு ஊரே சொல்லுதில்ல? ஒம்பதாவது பூசை முடியட்டும், நான் பதில் சொல்றேன்" என்றாள். நானும் பனியில் எழுந்து, குல்லா போட்டு, எட்டுப் பூசை பார்த்தேன். ஒன்றில்கூடத் தூங்கவில்லை. ஐந்தாவதில் கண்ணை மூடியது தியானம்.

இருபத்து மூன்றாம் தேதி உன் சேதி வந்தது. குடிலில் மாடு இருக்கிறது, கழுதை இருக்கிறது, மாதா இருக்கிறாள், பாலனை மட்டும் காணோம், சிற்பி முடித்துவிட்டாராம், மாமா கொண்டுவந்து தர முடியுமா என்று. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். போய் வாங்கினால் பாலன் பதினோரு கிலோ. உடையாமல் இருக்கட்டும் என்று சிற்பியின் மனைவி குளியல் துவாலையில் சுற்றி, போதாக்குறைக்குத் தலையில் ஒரு கம்பளித் தொப்பியும் மாட்டிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. படகில் எனக்குப் பக்கத்தில் கூடையில் பன்றிக்குட்டியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "பேரனா தாத்தா? சத்தமே காணோம்?" என்றாள். "கல்லும்மா" என்றேன். "கேட்டீங்களா அநியாயத்த! பச்சப் புள்ளயப் போயிக் கல்லுங்கிறாரு!" என்று கத்தி, என் மடியிலிருந்து பிடுங்கினாள், பிடுங்கிய வேகத்தில் குனிந்தே போனாள். "அடி ஆத்தி, என்னா கனம்! என்ன பாலு குடுக்குறீங்க?" துவாலையை விலக்கியவள் ஓவென்று கத்தி முழந்தாளிட்டாள். பாலனைக் கும்பிடப் படகு முழுவதும் எங்கள் பக்கம் எழுந்து வந்தது. படகு சாய்ந்தது. "ஒரே பக்கமா வந்தா பாலனோட சேர்ந்து நாமளும் இப்பவே மோட்சம்தான்! போங்கய்யா அந்தாண்ட!" என்று படகோட்டி கத்தினான். எல்லோரும் அந்தப் பக்கம் ஓட, பாலன் நழுவிப் பெஞ்சுக் கம்பியில் மோதினார். சிராய்ப்பின் வரலாறு அவ்வளவுதான். பன்றிக்குட்டி நலம்.

மதியப் படகில் திரும்பிவிடலாம் என்றிருந்தேன். அலை பெரிதென்று கடற்காவல்காரர்கள் படகை நிறுத்தினார்கள். உன் வீட்டில் படுத்தேன். சரி, ஒன்பதாவது பூசையை உன் கோயிலிலேயே பார்த்துவிட்டுக் காலையில் கிளம்பலாம் என்றுதான் நாலு மணிக்கு வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். வாசகம் கேட்டேன், நற்செய்திக்கு எழுந்து நின்றேன். பிறகு நீ பிரசங்கம் தொடங்கினாய். அரை மணி நேரம் கழித்துப் படகோட்டி வாசலில் நின்று, அனுமதி கிடைத்தாயிற்று, இதோ புறப்படுகிறோம், இதை விட்டால் இருபத்தாறுதான் என்று கையாலும் புருவத்தாலும் சைகை காட்டினான். அப்போது உன் பிரசங்கம் ஆதாமிலிருந்து கிளம்பி நோவாவைத்தான் எட்டியிருந்தது. பாலன் பிறக்க இன்னும் எத்தனை ஆயிரம் வருஷமோ, யார் கண்டது? காசில்டா பதில் சொல்லும் நாள் அது. பக்கக் கதவு வழியாகப் போனவன் யார் என்று நீ பிற்பாடு கோயில்பிள்ளையை விசாரித்தாயாமே. நான்தான்.

படகோட்டியின் தலைக்கு மேலே ஒரு வானொலி தொங்கியது. எங்கேயோ ஒரு பட்டணத்துக் கோயிலின் பூசை. எனக்கு உயிர் வந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி கேட்டதும் ஈரக் கயிற்றுக் குவியலில் முழந்தாளிட்டேன். உடனே அலை அடித்து வானொலி ஒரு காதல் பாட்டுக்குத் தாவிவிட்டது. "மாத்துப்பா, மாத்துப்பா, கர்த்தர் போயிட்டாரு!" என்று கத்தினேன். "இருங்க தாத்தா, சுக்கானப் பிடிக்கவா, கர்த்தரப் பிடிக்கவா?" என்று அவன் சள்ளென்று விழுந்தான். எப்படியோ பாதிப் பாட்டோடு எழுந்தேற்றம் முடிந்தது. பெரிய துறையில் அணைய முடியாமல், எங்கள் தீவின் கீழ்க்கரையில் ஒரு மீனவச் சேரியில் இறக்கிவிட்டான். தொடை வரை தண்ணீர். கரையேறினால் ஒரு சிற்றாலயம். ஊர் ஊராகப் பூசை வைத்துக்கொண்டு வரும் ஒரு சாமியார் அன்றைய கடைசிப் பூசையில் நற்கருணை கொடுத்துக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட வரிசையில் நின்று வாங்கினேன். இறுதி ஆசீரும் வாங்கினேன். ஆக, நன்றாகக் கூட்டிப் பார். வாசகமும் நற்செய்தியும் சிபுயானில், எழுந்தேற்றம் நடுக்கடலில், நற்கருணையும் ஆசீரும் ரொம்ப்லோனில். விட்டுப்போனது பெரும்பாலும் உன் பிரசங்கத்தின் பின்பகுதி. அப்போது மணி ஏழாகி வெயில் வந்துவிட்டது உண்மை. ஆனாலும் மேகமூட்டம்.

ஒரு மோட்டார் சைக்கிளில் ஐந்தாவது ஆளாக, ஒரு சண்டைச் சேவலை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. காசில்டா தணலை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஒம்பதாவது பூசைக்கு ஆளக் காணோமே?"

கால் மணி நேரம் விளக்கினேன். கடைசி வரை கேட்டாள்.

"மூணு துண்டாவா? பிபிங்காவ மூணு ஊர்ல மூணு துண்டா குடுத்தா, முழுசு வாங்கினதா ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்குவேன் காசில்டா. பசி அடங்கிடுமே."

"வாயால சொன்னா ஆச்சா? சாமியாருகிட்ட எழுதி, முத்திரை குத்தி வாங்கிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம். எம்புருஷன் செத்ததுக்குச் சான்றிதழ் வாங்க வந்தப்ப என்னைய மூணு தடவ அலைய விட்டீங்களே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. முதல் தடவை முத்திரை இல்லை. இரண்டாவது தடவை நகல் தெளிவில்லை. மூன்றாவது தடவை மதியச் சாப்பாட்டு நேரம். எல்லாம் விதிப்படிதான் செய்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, மருமகனே.

வருகிற டிசம்பர் வரை காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. வீட்டில் ஒரு ஆள் பேச்சுக் கொடுத்தால் போதும், திட்டினால்கூடப் போதும். ஆகவே மறையியல் நூல்களையெல்லாம் புரட்டிவிட்டு, இரக்கமுள்ள தீர்ப்பாக எழுது. உன் அம்மாவிடம் மூச்சு விடாதே. அவளுக்குத் தெரிந்தால் மூன்று தீவுக்கும் தெரியும். வயதில் பெரியவன் நான், பட்டத்தில் பெரியவர் தாங்கள். ஆகையால் ஆசீர்வாதம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போக வேண்டுமோ, முறைப்படி அந்தப் பக்கம் போய்ச் சேர்வதாக.

தாழ்மையுள்ள மாமன்,
செவரினோ

பின்குறிப்பு (27ஆம் தேதி): தீர்ப்பு வேண்டாம். நூல்களை மூடிவிடு. இந்தக் கடிதத்தைப் படகில் கொடுத்தனுப்ப இன்று காலை துறைக்குப் போகும்போது, கோயில் வாசலில் காசில்டா தன் மண் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விழாக்கடை முடிந்துவிட்டதாம், வண்டிச் சக்கரம் உடைந்துவிட்டதாம். அடுப்பைத் தூக்கி அவள் வீட்டுச் சமையலறையில் இறக்கினேன். பாலனே தேவலை. பிறகு கடிதத்தைப் பிரித்துக் காட்டி, விவரமெல்லாம் சரியா என்று பார்க்கச் சொன்னேன். முழுவதும் படித்தாள். "இத்தனை பக்கம் எழுதுற ஆளோட எப்படிக் காலந்தள்ளுறதோ" என்றாள். எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவளே மேலும் சொன்னாள், "நானும் ஒம்பது நாளும் ஒரு வேண்டுதல் வச்சிருந்தேன்." காசில்டா, நீ கோயில் வாசலில்தானே நின்றாய், உள்ளே வரவேயில்லை, பூசையாகச் சேராதே என்றேன். "சேராமயா பலிச்சுது?" என்றாள். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "இந்த அடுப்பத் தூக்க ஒரு ஆளு வேணும்னு. சரி சரி, முழிச்சிட்டு நிக்காதீங்க. எனக்குச் சம்மதந்தான். உங்க மருமகப்பிள்ளையையே வந்து கலியாணத்த மந்திரிக்கச் சொல்லுங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவள் அதைப் பார்க்காததுபோல் வாசலைக் காட்டி, "இன்னொரு அடுப்பு அங்கயே கிடக்கு, அதையும் எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். அது இதைவிடப் பெரிது.