"போதும்" சொல்லாத சம்பந்திக்கு

காஜா பேராங், மலாக்கா
ஆவணி மாதம், 1944

மதிப்புக்குரிய சம்பந்தி கலியாணசுந்தரம் அவர்களுக்கு,

ஜெயபாலன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நாங்கள் நலம். மரவள்ளிக்கிழங்கும் நலம், மூன்று வேளையும் அதைத்தான் பார்க்கிறோம். கிளேபாங்கில் தாங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டும். "சம்பந்தி" என்று இன்னும் எழுதலாமா என்று என் மனைவி சாரதாம்பாளைக் கேட்டேன். "எழுதுங்க. வேணாம்னா அவுங்களே கோடு போட்டு அடிச்சிக்கட்டும்" என்றாள். அடிக்காமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் பேச வந்த தாங்கள் தட்டு மாற்றாமலே எழுந்து போனதற்குக் காரணம் நெய்தான் என்று எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் வந்து கப்பல் நின்றதிலிருந்து எங்கள் வீட்டில் நெய் கிடையாது. ஆனால் சம்பந்தம் பேசும் விருந்தில் பருப்பின்மேல் நெய் விழாமல் யார் இலையில் கை வைப்பார்கள்? சாரதாம்பாள்தான் வழி கண்டுபிடித்தாள். "அவுங்க மரியாதப்பட்டவங்க. கிண்ணத்தக் கொண்டு போனாலே கைய நீட்டி இலைய மறச்சி, போதும் போதும்பாங்க. காலிக் கிண்ணமே போதுங்க" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் பந்தியில் நானே தங்களுக்குப் பரிமாறியிருக்கிறேன். பல தடவை "போதும்" சொல்லாமல் தாங்கள் ஒரு சொட்டு நெய் வாங்கியதில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். வாசனையாவது இருக்கட்டும் என்று அவள் பழைய நெய் டின்னில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரிலேயே பருப்பை வேகவைத்தாள். அதுதான் வினையாகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தாங்கள் மூக்கை உயர்த்தியதைப் பார்த்தேன். இலை முன்னால் உட்கார்ந்தீர்கள், நான் கிண்ணத்தோடு குனிந்தேன், தாங்கள் கையை நீட்டவில்லை. "கொஞ்சம் நெய்..." என்று இழுத்தேன். "ஊத்துங்க" என்றீர்கள். சம்பந்தி, தங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. வேறு வழியில்லாமல் கரண்டியைக் கிண்ணத்தில் விட்டு எடுத்துக் கவிழ்த்தேன். தாங்கள் பருப்பில் குழி பறித்துக் காத்திருந்தீர்கள். ஒன்றும் விழவில்லை. "கூச்சப்படாம ஊத்துங்க" என்றீர்கள். மறுபடியும் கவிழ்த்தேன். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை கருணாகரன் வெறும் பருப்பைப் பிசைந்து ஒரு வாய் உண்டு, "நல்ல நெய்யிங்க மாமா" என்றார். அந்தப் பிள்ளையை நினைத்தால் இப்போதும் என் கண் கலங்குகிறது. தாங்களோ கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தீர்கள். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தீர்கள்.

என்னை வெட்கம் பிடுங்கித் தின்கிறது. "இல்லன்னு சொல்லியிருந்தா அவுங்க சும்மாவே சாப்பிட்டிருப்பாங்களேப்பா" என்று என் மகள் மல்லிகா அழுகிறாள். ரோட்டில் போகிறவனைப் பிடித்து, திரும்பி வராத தண்டவாள வேலைக்குச் சயாமுக்கு ரயில் ஏற்றுகிற காலம் இது. நாளைக்கு நான் இருப்பேனோ மாட்டேனோ, அவளைத் தங்கள் வீட்டில் சேர்த்துவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். மலாக்காவில் இன்று யார் வீட்டில் நெய் இருக்கிறது? தங்கள் வீட்டிலும் இல்லை என்று தாங்களே சொன்னீர்கள். இல்லாத பொருளுக்காக இருக்கிற பிள்ளைகளைப் பிரிக்க வேண்டாம். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

தங்கள் வீட்டு உலையில் அரிசியே கொதிக்கப் பிள்ளையார் அருளட்டும். சம்பந்தியம்மா பாக்கியலட்சுமிக்கு எங்கள் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை வேண்டும்
ஜெயபாலன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கருணாகரன் சைக்கிளில் வந்து ஒரு பாட்டில் நெய் கொடுத்தார். யுத்தம் தொடங்கியபோதே சம்பந்தியம்மா அதை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாராம். "அப்பா கண்ணுல பட்டா ஒரே வாரத்துல தீந்துரும்னு அம்மா பயந்தாங்க மாமா" என்றார். தாங்கள் மறுபடி இங்கே வரும்போது தங்கள் இலையில் ஊற்றச் சொல்லிச் சம்பந்தியம்மாவே அனுப்பியிருக்கிறார். தங்களிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார்; நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே மேலே நான் மன்னிப்புக் கேட்டிருக்கும் இடங்களையெல்லாம் தாண்டிப் படிக்கவும். இந்த ஞாயிற்றுக்கிழமை இலை போட்டு வைக்கிறோம். ஊற்றும்போது மரியாதைக்குக்கூட "போதும்" என்று சொல்லிவிடாதீர்கள். சாரதாம்பாள் உடனே நிறுத்திவிடுவாள்.