மாமனார் மீது நான் போட்ட மண்ணெண்ணெய் வழக்கு

சந்தேகப்படுவதில் எனக்கு இணையாக யாங்கூனில் இன்னொருவன் இருக்கிறான் என்று யாராவது சொன்னால், அவன் மேலும் எனக்குச் சந்தேகம்தான் வரும். சூலே போகிற பஸ் என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஏறி நின்று கண்டக்டரிடம் ஒருமுறை, பக்கத்தில் இருக்கிறவரிடம் ஒருமுறை கேட்பேன். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால், பேசி வைத்துக்கொண்டார்களோ என்று தோன்றும். இப்படிப்பட்டவனுக்கு ஒரு பெண் நிச்சயமானதே பெரிய விஷயம். அந்தப் பெண்ணின் தகப்பனாரையே ஒரு சபையில் வைத்துத் திருடன் என்று சொன்ன மகாபாவி நான்.

அப்போது கியாக்டடாவில் ஒரு ஹோட்டலில் சர்வராக இருந்தேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே முத்துசாமி மாமாதான். அவர் மகள் ரேவதிக்கும் எனக்கும் பரிசம் போட்டாகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். மாமா அதே ஹோட்டலில் ஜெனரேட்டர் பார்ப்பவர். எல்லாரும் அவரைப் பெரியவர்களுக்குப் போடுகிற பர்மிய மரியாதையோடு ஊ முத்து என்பார்கள். சாராய ஸ்டோர் சாவியும் அவரிடம்தான் இருக்கும். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர், முருகனுக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டு எட்டு வருஷமாக ஒரு சொட்டு தொடாதவர். அதனால்தான் மானேஜர் அம்மா டாவ் மியா அந்தச் சாவியை அவரைத் தவிர வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. வேலை இடத்தில் மாமா என்னை, வாலிபர்களுக்குப் போடுகிற பர்மிய மரியாதையோடு 'கோ செல்வம்' என்பார், வீட்டில் 'மாப்பிள்ளை' என்பார். அந்த வித்தியாசத்தில் அவர் என்றைக்கும் தவறியதில்லை.

அந்த வருஷம் ஜெர்மனியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மோசெல் என்ற ஆற்றங்கரையில் அவர் குடும்பத்துக்குப் பரம்பரைத் திராட்சைத் தோட்டம் இருக்கிறதாம். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒன்றைத்தான் போடுவார்களாம். தன் தோட்டத்து ஒயினோடு அக்கம்பக்கத்துப் பழைய தோட்டங்களின் ஒயினையும் சேர்த்து ஆறு பாட்டில் கொண்டுவந்திருந்தார். ஊரில் உள்ள சமையல் தலைவர்கள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு மத்தியானம் ருசி காட்டுவதாக ஏற்பாடு. ஊற்றுகிற வேலை எனக்கு.

முதல் நாளே எங்களை உட்காரவைத்து விளக்கினார். அவர் சொன்னதில் ஒன்றையும் நான் நம்பவில்லை. ஒரே குடும்பம் பத்துத் தலைமுறையாக ஒரே தோட்டத்தில் இருக்கிறதாம் (பங்காளிச் சண்டையே வரவில்லையா?). மலை செங்குத்தாக இருப்பதால் நிற்கவே முடியாதாம், அப்படியும் அதில்தான் கொடி நடுவார்களாம் (ஏன், அந்த ஊரில் சமதரையே கிடையாதா?). கறுப்புப் பலகைக் கல் பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரியில் கொடிக்குக் கொடுக்குமாம். அதைக் கேட்டபோது நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கைகட்டி, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு சுலபமாக நம்புகிற மனிதரிடம் சாவி இருக்கிறதே என்று எனக்கு உறுத்தியது.

மறுநாள் விருந்து தொடங்கியது. முதல் ஐந்து பாட்டிலும் தொல்லை கொடுக்கவில்லை. ஆறாவதுதான் எல்லாவற்றிலும் பழையது, என்னைவிட மூத்தது. லேபிளில் பூஞ்சை படிந்திருந்தது. கார்க் கறுத்துப்போய்ப் பாதியில் உதிர்ந்தது. அடியில் கண்ணாடித் தூள் போல ஏதோ மினுங்கியது. மற்ற பாட்டிலெல்லாம் தண்ணீர் நிறத்தில் இருக்க, இது மட்டும் மஞ்சளாக இருந்தது. பெரியவர் கிளாஸில் முதலில் ஊற்றினேன். குப்பென்று ஒரு வாசனை வந்தது. தெருமுனையில் தண்ணீர் பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே, அதே மண்ணெண்ணெய் வாசனை.

அடுத்த அரை நிமிஷத்தில் என் மண்டைக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷனே திறந்துவிட்டது. ஜெனரேட்டர் பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெய் வைத்திருப்பது யார்? மாமா. இரண்டு நாளாகப் பாட்டில் யார் பொறுப்பில் இருந்தது? மாமா. நேற்று ஸ்டோருக்குள் லைட் போடாமல் ஒரு மணி நேரம் இருந்தது யார்? மாமா. (கரண்ட் இல்லை, அதனால் லைட் இல்லை. இது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.) காலையில் என்னைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்ததும் அவர்தான். எட்டு வருஷ சத்தியம் உடைந்துவிட்டது, குடித்த அளவுக்கு எண்ணெயை ஊற்றி அடைத்துவிட்டார் என்று தீர்ப்பே எழுதிவிட்டேன்.

சத்தம் போடாமல் டாவ் மியாவை ஒரு ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அல்லது நாலடி தள்ளிக் கதவருகே நின்ற மாமாவிடமே கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன்? பெரியவர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது அதன் மேல் என் உள்ளங்கையை வைத்து மூடினேன். ஒரு உயிரைக் காப்பாற்றுகிற தோரணை. பிறகு பன்னிரண்டு பேருக்கும் கேட்கும்படி பர்மியில் அறிவித்தேன்: இது ஒயின் அல்ல, மண்ணெண்ணெய், பாட்டிலைத் தொட்டவர் ஊ முத்து ஒருவர்தான்.

நம் ஊரில் பிறத்தியார் முகம் வாடக்கூடாது என்று 'ஆனாதெ' பார்ப்பார்களே, அதனால் பன்னிரண்டு பேரும் மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதையும் நான் எனக்குக் கிடைத்த சாட்சியாக எடுத்துக்கொண்டேன், கஷ்டகாலம்.

மாமா மெதுவாக வந்தார். என் கையைச் சற்றுத் தூக்கி, கிளாஸில் ஒரு விரலை நனைத்தார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். என்னிடம் தமிழில் சொன்னார்:

"எண்ணெய்னா வழுக்கணும். இது ஒட்டுது. பழத்து இனிப்பு."

விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, மறுபடி கதவருகே போய் நின்றார். நாக்கில் வைக்கவில்லை.

பெரியவர் என் கையை நகர்த்திவிட்டு, கிளாஸை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார். முகம் மலர்ந்துவிட்டது. நல்ல ரீஸ்லிங் வயதானால் இந்த எண்ணெய் வாசனை வரும், இதற்காகத்தான் தங்கள் ஊரில் இருபது வருஷம் பூட்டிவைத்துக் காத்திருப்போம் என்றார். அடியில் மினுங்குவது ஒயினில் தானாகப் படிகிற உப்பாம். பூஞ்சை, நிலவறையின் ஈரத்தில் வந்ததாம். மஞ்சள், வயசாம். நான் பிடித்த கேஸ் ஒவ்வொன்றாக விடுதலையாகிக்கொண்டிருந்தது. நான் மட்டும் கையில் பாட்டிலோடு அங்கேயே நின்றேன், பூமி பிளக்கவும் இல்லை.

டாவ் மியா என்னைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து காலைப் பலகாரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார், முட்டை வேகவைக்க. அதைத் தாங்கிக்கொண்டேன். ஆனால் மாமா என்னிடம் பேசவில்லை. ரேவதிக்குப் போன் போட்டால், "அப்பா ஒண்ணுமே சொல்ல மாட்றாரு, அதான் பயமா இருக்கு" என்றாள். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டிய தேதியும் தாண்டியது. அவள் கிடைக்காமல் போய்விடுவாள் என்ற பயத்தில் ராத்திரியெல்லாம் புரண்டேன்.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மிங்கலா தாங்ஞுன்டில் அவர் வீட்டுக்கே போய்க் காலில் விழுந்தேன். கதவு திறந்ததும் முதல் வார்த்தையே, "வாங்க கோ செல்வம்." வீட்டுக்குள் வைத்துக் கோ செல்வம் என்றார். மன்னிப்புக் கேட்டு ஏதேதோ உளறினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்க சந்தேகப்பட்டது தப்பில்ல. வாசன வந்துச்சு, பட்டீங்க. ஆனா எங்கிட்ட கேக்காம ஊர்கிட்ட சொன்னீங்க. நான் குடிச்சிட்டேன்னு எட்டு வருசத்துல யாரும் சொன்னதில்ல."

நான் அழுதுவிட்டேன். அதைப் பார்த்ததும் அத்தைக்கும் அழுகை வந்துவிட்டது. உள்ளே ரேவதி மூக்கைச் சிந்துவது கேட்டது. மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போய் ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பாமலே, "பத்திரிகையில மாப்பிள்ளை பேரு எப்படிப் போடணும், எழுதிக் குடுங்க" என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடித்ததும் பாலும் பழமும் கொடுக்க அத்தை வந்தார். மாமா அந்த டம்ளரைத் தானே வாங்கி, ஹோட்டல் ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கும் கேட்கிற குரலில், "மாப்பிள்ளை, சந்தேகம் ஏதும் இருந்தா இப்பவே எங்கிட்ட கேட்டுருங்க" என்று என்னிடம் நீட்டினார். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் டாவ் மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நிறைவில் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் யார் வந்தாலும் போட்டுக் காட்டுகிற கல்யாண வீடியோவில் மட்டும் அது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. டம்ளரை வாங்கினேன், மூக்கருகே கொண்டுபோனேன், நன்றாக மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.