அக்கா கல்யாணத்தில் கிட்டாருக்குப் பூசிய கிரீஸ்

பிட்டர் மகனுக்குத் தெரியாத ரிப்பேர் உலகத்திலேயே கிடையாது என்று இருபத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன். அப்பா கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். கொழுந்து அரைக்கும் மெஷின் முனகினாலும் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் கதவு முனகினாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: கிரீஸ். (அம்மா முனகினால் மட்டும் சத்தமில்லாமல் வெளியே போய்விடுவார்.)

அக்கா மாலாவுக்கு லிந்துலையில் மாப்பிள்ளை அமைந்தது. கவ்வாத்துக் கங்காணி, அதாவது தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் ஆட்களுக்குத் தலைவர். பெண் பார்க்க வந்தவர்களிடம் யாரும் கேட்காமலே அக்கா, "எந் தம்பி பேஸ் கிட்டாரு வாசிப்பான். கல்யாணத்துல அவங்க பேண்டுதான்" என்று பெருமையடித்துவிட்டாள். மாப்பிள்ளையின் பெரியம்மா என் கிட்டாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலே கம்பிதானா? மிச்சத்தை வாங்க வசதிப்படலையா?"

பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பிதான் என்று நான் வாயெடுப்பதற்குள் அக்காவின் முகம் சுண்டிவிட்டது. அவளுக்காகவாவது அன்றைக்கு வாசித்து அசத்தியே தீருவது என்று முடிவுகட்டினேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள், தடித்த கம்பியை முறுக்கும் கீ ஆடத் தொடங்கியது. அதைக் கிட்டாரின் தலையோடு பிடித்திருக்கும் நான்கு சின்ன ஸ்குரூவும், மரத்தில் ஓட்டை பெரிதாகி, பால்பல் மாதிரி ஆடின. சுருதி சேர்த்தால் ஐந்து நிமிடம் நிற்கவில்லை. டிரம்ஸ் அடிக்கும் ரமேஷ், "ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் கடையில காட்டுடா" என்றான்.

"பிட்டர் மகன்கிட்டயா சொல்ற?" என்றேன்.

நான்கு ஸ்குரூவையும் கழற்றி, நான்கு ஓட்டையிலும் அப்பாவின் டப்பாவிலிருந்து கிரீஸை அடைத்து, திரும்ப முடுக்கினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. வழுக்கி உள்ளே போனது வழுக்கி வெளியேயும் வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கோயிலில் தாலி கட்டி முடிந்து, மத்தியானம் தோட்டத்து மண்டபத்தில் விருந்து. முதல் பாட்டின் இரண்டாவது வரியில் கீ தகட்டோடு பெயர்ந்தது. தடித்த கம்பி துணிக்கொடிபோலத் தொங்க, வயிறு சரியில்லாத எருமை ஸ்பீக்கருக்குள் புகுந்ததுபோல ஒரு சத்தம். பந்தியில் சோறு பிசைந்த கைகள் நின்றன. ஒரு ஸ்குரூ பறந்துபோய், விழ வேறு இடமே இல்லாததுபோல, பெரியம்மாவின் மடியில் விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, ஒங்க கிட்டாருக்குப் பல்லு விழுந்திருச்சு."

லிந்துலைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் செத்துப்போகலாம் போலிருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். ஓட்டையைத் தடவி விரலை மோந்து பார்த்தார்.

"கிரீஸா மச்சான்?"

"ஆமாங்க அத்தான்."

"மரத்துக்கா?"

பந்தி விசாரித்துக்கொண்டிருந்த அப்பா திடீரென்று கூரைத் தகரத்தை ஆராயத் தொடங்கினார்.

"கவ்வாத்துக் கத்திக்குப் பிடி ஆடுனா நாங்க கிரீஸா போடுறோம்? குச்சி சீவி எறக்குவோம்" என்றபடி, ஆசீர்வாதத் தட்டிலிருந்த விபூதியை அள்ளி ஓட்டைகளில் திணித்தார். பூசாரி பதறிப்போய், "தம்பி, அது எதுக்கு?" என்றார்.

"கிரீஸை உறிஞ்சத்தான் சாமி. எல்லாத்துக்கும் நல்லதுதானே."

சமையல்காரரின் அடுப்பு விறகிலிருந்து காய்ந்த கவ்வாத்துக் குச்சி ஒன்று வந்தது. பின் லயத்திலிருந்து கத்தி வந்தது. அத்தான் விபூதியைத் தட்டித் துடைத்துவிட்டு, தேயிலைக் குச்சியை மெல்லிசாகச் சீவி, நான்கு ஓட்டையிலும் இறக்கி, கத்தியின் முதுகால் தட்டி, நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கினார். மருதாணிக் கையில் ஸ்குரூக்களை ஏந்தி ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தவள் அக்கா. மூன்றுதான் இருந்தன. மண்டபமே பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் நான்காவதைச் சேலைத் தலைப்பில் துடைத்து, எழுந்து வந்து கொடுத்தார்.

கம்பியை முறுக்கினேன். அசையாமல் நின்றது. அப்புறம் வாசித்தோம் பாருங்கள், மண்டபத்துத் தகரமே அதிர்ந்தது. மூன்றாவது பாட்டில் லிந்துலை முழுவதும் எழுந்து ஆடியது. பெரியம்மா கைதட்டிக்கொண்டே, "தம்பி, அந்தத் தடிச்ச கம்பிய இன்னொருக்கா அடிங்க" என்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஊரையே ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் நாலு கிட்டாரைக்கூட உடைக்கலாம்.

இன்றைக்கு அதே கிட்டாரில்தான் ஹட்டனில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் குச்சி இதுவரை அசையவில்லை. கல்யாண ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் அத்தான் கையில் விபூதி, மடியில் கிட்டார். போன பொங்கலுக்கு அக்கா மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்கு அப்பா எதுக்கும்மா கிட்டாருக்கு விபூதி பூசுறாரு?" என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்கு முந்தின நாளு ஒங்க மாமா அதை ரிப்பேர் பண்ணியிருந்தாருடி."