சமையலறைச் சன்னலில் நாற்பத்தாறு டிகிரி

அன்புத் தம்பிக்கு அக்கா ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உடம்பால் நலம். மனதால் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன்.

நிற்க. உன் அத்தான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நீ ஆசையாக வாங்கிக் கொடுத்தாயே ஒரு வானிலை மிஷின், அதை ஞாயிற்றுக்கிழமை வந்து தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடு. வெளியே மாட்ட வேண்டிய வெள்ளை டப்பாவைக் கைக்கு எட்டுகிற இடம் என்று சமையலறைச் சன்னலுக்கு வெளியே மாட்டினார். மறுநாள் மத்தியானம், கூடத்தில் வைத்திருந்த அதன் திரையில் நாற்பத்தாறு டிகிரி. ஈரப்பதமும் எகிறிக் கிடக்கு. மனுஷன் பதறிப்போய் சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு, "யாரும் வெளியே தலை காட்டாதீங்க"ன்னார். பல் டாக்டர்கிட்ட போக வேண்டிய பெரியப்பா, பாவம், வீங்கின கன்னத்தோட வீட்டிலேயே கிடந்தார். அதோட விட்டாரா? ஈரப்பதம் ஏறுது, மழை நிச்சயம்னு எதிர்வீட்டு லாண்டரிக்காரர்கிட்ட போய், "இன்னிக்குத் துணி காயப்போடாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்தார். அவரும் நம்பினார். அன்னைக்கு அடிச்ச வெயிலுக்குப் பச்சைச் செங்கல்லே காஞ்சிருக்கும். சாயங்காலம் அவர் ஈர மூட்டையோட நம்ம வாசல்ல வந்து நின்னு, "சார், இதெல்லாம் ஆஸ்பத்திரி விரிப்பு. நோயாளிங்களை எது மேல படுக்க வைக்கிறது? உங்க மிஷின் மேலயா?"ன்னு கேட்டார்.

கடைசியில நான்தான் திரையைத் தட்டி, நாள் பூரா சூடு ஏறி இறங்கினதைக் காட்டற கோட்டுப்படத்தைப் பார்த்தேன். கோடு மேல ஏறுற நேரமெல்லாம் நான் அடுப்பு பத்த வைக்கிற நேரம். ராத்திரி ஒரு குட்டி மேடு, அது பால் காய்ச்சுற நேரம். "இது ஊர் வெயில் இல்லீங்க, என் குக்கர் ஆவி"ன்னேன். டப்பாவைக் கழட்டி, மாடியில நிழல் விழற சுவர்ல காத்தோட்டமா மாட்டினோம். இப்ப ஒழுங்காத்தான் காட்டுது. ஆனா என்ன பிரயோஜனம்? தெருவில பார்க்கிறவங்க எல்லாம், "என்ன சார், இன்னிக்கு மழையா, சமையலா?"ன்னு கேட்கறாங்க. மனுஷன் வாசப்படி தாண்டறதில்லை, சரியா சாப்பிடறதில்லை. அந்த முகத்தை என்னால பார்க்க முடியலை தம்பி. அதனாலதான் எடுத்துட்டுப் போகச் சொல்றேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் சளி பிடிக்காமல், சண்டை போடாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
பிரியமுள்ள அக்கா

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள ஒண்ணு நடந்துபோச்சு. திரையில காத்தழுத்தம் மளமளன்னு இறங்கிச்சு, மழைக்கு அறிகுறி. "லாண்டரிக்காரர்கிட்ட போய்ச் சொல்லுங்களேன்"ன்னேன். "எனக்கெதுக்கு வம்பு"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்தவர், திடீர்னு பனியனோட தெருவில பாய்ஞ்சு, "திட்டறதா இருந்தா அப்புறமா திட்டுங்க, முதல்ல துணியை எடுங்க!"ன்னு கத்தி, தானே கொடியிலிருந்து உருவ ஆரம்பிச்சுட்டார். கடைசி விரிப்பு உள்ளே போகவும் மழை கொட்டவும் சரியா இருந்தது. இப்ப லாண்டரிக்காரர் இவருக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, நாளைக்கு எப்படின்னு கேட்டுக்கிட்டிருக்கார். ஆகையால் மிஷினை எடுக்க வராதே. வந்தா ரெண்டு போர்வை எடுத்துக்கிட்டு வா. நான் சன்னல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே வேடிக்கை பார்த்ததில, நம்ம வீட்டுத் துணி அத்தனையும் மாடியிலேயே நனைஞ்சுபோச்சு.