நாக்கில் நாலு சொட்டு

சர்க்கரைத் தண்ணீர் கைக்கு வந்த நேரம் பார்த்துக் குழந்தை தூங்கிப்போனாள்.

முடிச்சூரில் ஒரு கிளினிக்கின் ஊசி அறையில், பதினான்கு வார மகளை மடியில் வைத்துக்கொண்டு அனிருத் திருதிருவென்று விழித்தான். போன மாதம் அவளை ஊசிக்குக் கூட்டிவந்தது மனைவி சின்மயி. குழந்தை அழுத அழுகையில் தானும் அழுதுவிட்டு வந்தாள். இப்போது சின்மயி சிறுசேரியில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பாப்பா அழாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று காலையில் அனிருத்தான் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஊசிக்கு இரண்டு நிமிடம் முன்னால் நாலு சொட்டு சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் விட்டால் வலி அவ்வளவாகத் தெரியாதாம். சிஸ்டர் யூனிஸ் அளவாகக் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுத்திருந்தாள். குழந்தையை எழுப்பச் சொன்னாள். கதவோரம் அடுத்ததாகக் காத்திருந்த லோகநாயகி, தன் மகனைத் தோளில் போட்டுத் தட்டியபடி வேடிக்கை பார்த்தாள்.

அனிருத் உள்ளங்காலைச் சுரண்டினான். குழந்தை பசியோடு விழித்தாள். உதடு பிதுங்கியது. பயந்துபோய் நாலு சொட்டையும் விட்டான். அவள் சப்புக்கொட்டினாள்.

போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினான். ஒரு நிமிடம் ஓடியதும் சின்மயி கூப்பிட்டாள். எல்லாம் கன்ட்ரோலில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பார்த்தால், பதற்றத்தில் விரல் பட்டு வாட்ச் பூஜ்யத்தில் நின்றது.

"சிஸ்டர், டைம் விட்டுப்போச்சு. முதல்லேருந்து ஆரம்பிக்கலாமா?"

யூனிஸ் இன்னும் இரண்டு சொட்டு கொடுத்தாள். குழந்தை சிரிஞ்சைத் தட்டிவிட, அது அவன் சட்டைக் காலரில் விழுந்தது. துடைக்கலாம் என்று குழந்தையைத் தோளில் தூக்கினான். அவள் காலரைக் கண்டுபிடித்து, வாயில் இழுத்துப் போட்டுச் சப்ப ஆரம்பித்தாள்.

பிடுங்கினால் அழுவாள். பிடுங்காவிட்டால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மோவாயைத் தூக்கியபடி மின்விசிறியை மட்டுமே பார்க்க முடிந்தது.

அப்படியே அசையாமல் உட்காரச் சொன்னாள் யூனிஸ். உட்கார்ந்தான். கண்ணையும் இறுக மூடிக்கொண்டான். மூடியபடியே பேசிக்கொண்டே போனான். ஊசி மெல்லிசுதானே என்று கேட்டான். இரண்டு தொடையிலும் போட வேண்டுமா, ஒன்றைத் தள்ளிப்போட முடியாதா என்று கேட்டான். போடும் முன் மூன்று எண்ணச் சொன்னான். அப்புறம், எண்ணினால் பயமாக இருக்கும், வேண்டாம் என்றான். சின்மயிக்குக் கொடுத்த வார்த்தையைப் பற்றியும் சொன்னான். காலரில் சப்பும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தச் சந்தோஷத்தையா கெடுப்பது என்று நினைத்ததும் அவன் குரல் உடைந்தது.

"இன்னிக்கு வேணாம் சிஸ்டர். நாளைக்கு ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு வரோம்."

இன்னொரு முறை கெஞ்சினான். கதவோரத்திலிருந்து லோகநாயகிதான் பேசினாள்.

"சார், ரெண்டு ஊசியும் போட்டு அஞ்சு நிமிசம் ஆவுது. சிஸ்டர் பஞ்சு ஒட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க."