கீழே போகாத மோட்டார்

என் மோட்டார் வண்டி கீழே போகாது. இது என் உறுதியான முடிவு. கடையில் யாருமில்லாத நேரம் பார்த்து, கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் இதைச் சொல்லிக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. என் உறுதியான முடிவுகள் எதையும் நான் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் உறுதி போய்விடுகிறது. முடிவு மட்டும்தான் எனக்கு மிஞ்சுகிறது.

'கீழே' என்றால் என்னவென்று மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குன்னூர்க்காரர்களுக்கு உலகம் இரண்டே பாகம். நாங்கள் இருப்பது மேலே. மேட்டுப்பாளையம், கோயமுத்தூர், மதராஸ், கப்பலேறிப் போகிற சீமை எல்லாமே கீழே. "துரை கீழே போயிருக்கார்" என்று சொன்னால், அவர் கோயமுத்தூரில் பல் பிடுங்கிக்கொண்டிருக்கலாம், லண்டனில் பேரனைக் கொஞ்சிக்கொண்டும் இருக்கலாம். ஓயாமல் வாயில் வருகிற வார்த்தை. அப்படிப்பட்ட வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்? நானும் யோசிக்கவில்லை. அங்கேதான் கெட்டுப்போனேன்.

என் பெயர் ரஹ்மத்துல்லா. குன்னூர் பஜாரில் மளிகைக்கடை. தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயன்களுக்கு அரிசி, பருப்பு. துரைமார் பங்களாக்களுக்கு டின் சாமான். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர், இந்த மழையும் அட்டையும் போதும் என்று சீமைக்கே திரும்பிப் போனபோது தம் மோட்டாரை எனக்கு விற்றுவிட்டுப் போனார். கான்வாஸ் கூரை, பித்தளை விளக்கு, தோல் மெத்தை. பஜாரில் மோட்டார் வைத்திருந்த ஒரே வியாபாரி நான்தான். நான் ஹாரனை அமுக்கினால் கழுதைகள் ஒதுங்கும், மனிதர்கள் சலாம் வைப்பார்கள். சில நாள் இது மாறியும் நடந்தது.

இந்தப் பெருவாழ்வுக்கு ஓர் ஆபத்து இருந்தது. அதன் பெயர் நூர் அகமது. என் மனைவி முனவ்வராவின் தம்பி. மேட்டுப்பாளையத்தில் என் மாமனாருக்கு மரக்கடை. அங்கே லாரி ஓட்டுகிறவன் அவன்தான். நல்ல பையன், மரியாதையான பையன். எதையும் கேட்காமல் எடுக்க மாட்டான். கேட்டுத்தான் எடுப்பான். என் கிராமபோனைக் கேட்டான். சுவர்க் கடிகாரத்தைக் கேட்டான். ஒரு சித்திரை மாதம் என் கம்பளி ஓவர்கோட்டைக் கேட்டான். மேட்டுப்பாளையத்து வெயிலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பது இன்றுவரை தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். கீழே போன என் சாமான் எதுவும் மேலே வந்ததில்லை.

அந்த நூர் அகமதுவுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. அன்று சாயங்காலமே முனவ்வரா என் தட்டில் இரண்டாவது கரண்டி சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, தம்பி நிக்காஹுக்கு நம்ம மோட்டார்லயே போயிரலாமுங்களா?"

"போலாமே."

"மாப்பிள்ள ஊர்கோலத்துக்கு அவன் அதுலயே உக்காந்துக்கட்டுமுங்களா? அத்தா ஆசப்படறாரு."

"தாராளமா."

"நெசமாலுமா சொல்றீங்க?"

"உன்ற தம்பி எனக்கும் தம்பிதானே."

அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். நன்றி என்று நினைத்துக்கொண்டேன். கணவன்மார்கள் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

என் திட்டம் எளிமையானது. புறப்படுகிற காலையில் எஞ்சின் ஓடாது. என்ன செய்தாலும் ஓடாது. பாவம், வண்டி கெட்டுப்போனால் மனிதன் என்ன செய்வான்? ரயிலில் போவான். மோட்டார் மேலேயே இருக்கும்.

புறப்படுவதற்கு முந்தின மாலை, விளக்கு வைத்த பிறகு, வண்டியின் மூடியைத் திறந்தேன். எஞ்சினுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான் உண்டு. ரோட்டர் என்று பெயர். அது இல்லாவிட்டால் எந்த எஞ்சினும் உயிர் பிடிக்காது. அதை உருவிக் கைக்குட்டையில் சுற்றி என் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூடியைச் சாத்தினேன். சொந்த வண்டியில் திருடுவது லேசான காரியமில்லை.

காலையில் முனவ்வரா மூட்டை முடிச்சுகளோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினேன். சுற்றினேன். இன்னும் சுற்றினேன். நடிப்புக்காகத்தான் சுற்றினேன், ஆனால் தோள்பட்டை வலி நடிப்பில்லை.

பக்கத்துக் கடை மோசஸ் ஓடிவந்தார். ரொட்டிக்கடைக்காரர். பரோபகாரி. பஜாரில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அதை இரண்டு மடங்காக்கித் தருவார்.

"பாய், பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு."

"தண்ணி?"

"இருக்கு."

"அப்ப குளிருதான். பனியில எஞ்சின் வெறச்சுப் போயிருக்கும். கொதிதண்ணி ஊத்துங்க."

சுடுதண்ணீர் வந்தது. ரேடியேட்டரில் ஊற்றினோம். எஞ்சின் அசையவில்லை. மோசஸ் பிளக்குகளை எல்லாம் கழற்றிக்கொண்டு போய் ரொட்டி அடுப்பில் வைத்து வாட்டி எடுத்துவந்தார். திருப்பி மாட்டினோம். எஞ்சின் ஓடவில்லை, ஆனால் தெரு முழுக்க பன் வாசனை வந்தது. சோக்கை இழுத்தோம். சோக்கு எனக்குத்தான் இருந்ததே தவிர வண்டிக்கு இல்லை. கடைசியில் அவர் கை ரோட்டர் மூடிக்குப் போயிற்று.

"அதத் தொடாதீங்க! ஷாக் அடிக்கும்!"

"எஞ்சினே ஓடலியே பாய், ஷாக் எங்கிருந்து வரும்?"

"நேத்து ஓடினதுல மிச்சம் இருக்கும்."

மோசஸ் மரியாதையோடு கையை இழுத்துக்கொண்டார். அதற்குள் பஜாரில் பாதி கூடிவிட்டது. இதுதான் சமயம் என்று நான் நிமிர்ந்தேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"போதும் மோசஸ். மவுத்தாயிடுச்சு. இனி இந்த எஞ்சின் எந்தக் காலத்துலயும் ஓடாது."

மோசஸ் தம் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். எனக்கே ஒரு நொடி துக்கமாகத்தான் இருந்தது. முனவ்வரா மட்டும் சீட்டிலிருந்து இறங்கவில்லை.

"ஏனுங்க, எஞ்சின் சுத்தமாப் போச்சுங்களா?"

"போச்சு முனவ்வரா. மனசத் தேத்திக்க. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"பிரேக்கு எப்படீங்க?"

என் வண்டியைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்குப் பெருமை வந்துவிடும். அது ஒரு வியாதி. "பிரேக்கா? யானை வந்து முட்டினாக்கூட நகராது."

"ஸ்டியரிங்கு?"

"வெண்ணெய் மாதிரி திரும்பும்."

"அப்பப் போதுமுங்க" என்றாள் முனவ்வரா. "கீழதானுங்களே போறோம்."

பஜாரே திரும்பி சாலையின் இறக்கத்தைப் பார்த்தது. நானும் பார்த்தேன். குன்னூரிலிருந்து கல்லாறு வரைக்கும் முழுக்க முழுக்க இறக்கம் என்பது, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, அந்த நிமிஷத்தில்தான் தெரியவந்தது. எஞ்சின் போனபின் எஞ்சியது எதுவோ, அதுவே போதுமாக இருந்தது.

"அடடா, தங்கச்சி மூளையே மூளை!" என்று மோசஸ் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். பத்துப் பேர் கை வைத்தார்கள். நான் ஓடிப் போய் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பஜார் முக்கு தாண்டியதும் தள்ள ஆள் தேவைப்படவில்லை.

அப்படி ஒரு பயணம் என் எதிரிக்கும் வரக் கூடாது. கியரில் போட்டுப் பிடித்துப் பிடித்து இறக்கினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கலிமா சொன்னேன். இரக்கமே இல்லாத இறக்கம். எஞ்சின் சத்தம் இல்லாததால் வண்டி வருவது யாருக்கும் தெரியவில்லை. சாலையோரக் குரங்குகள்கூட நாங்கள் கடந்து போன பிறகுதான் பயந்தன.

அந்த நிசப்தத்தில்தான் முனவ்வரா பேசினாள். மோட்டார் வாங்கியதிலிருந்து, அது போடுகிற சத்தத்தில், வண்டிக்குள் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"அம்மா மவுத்தானப்ப இவன் கைக்கொழந்தைங்க. இடுப்புல வெச்சு வளத்தது நானுங்க. கஞ்சி ஊட்டினா தண்டவாளத்துப் பக்கம் தூக்கிட்டுப் போய் ரயிலக் காட்டணும், இல்லாட்டி முழுங்க மாட்டான். அவன் மாப்பிள்ளையா மோட்டார்ல உக்காந்து போறத ஒரு தடவ பாத்துட்டா எனக்குப் போதுமுங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு வளைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பர்லியாரில் பிரேக் ஆறுவதற்காக நிறுத்தினோம். அங்கேயே கீழ்நாட்டு வெக்கை தொடங்கிவிடும். மேலேயிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் கம்பளியைக் கழற்றுவார்கள். நானும் வேர்வையில் நனைந்து கோட்டைக் கழற்றினேன். முனவ்வரா வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனை அன்பு என்று நினைத்தேன்.

கல்லாறில் இறக்கம் தீர்ந்தது. வண்டி மெதுவாகி, ஒரு பாக்குத் தோப்பு ஓரமாக நின்றது. இதோடு கதை முடிந்தது, இனி ரயில்தான் என்று எனக்கு உயிர் வந்தது. அப்போது தோப்புக்குள்ளிருந்து நூர் அகமது வந்தான். கையில் மரம் இழுக்கிற காளைகள் இரண்டு. கொம்புக்குப் பூச் சுற்றியிருந்தது.

"வாங்க மச்சான். நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

"நீ எப்படிடா இங்க?"

"அக்கா போன வாரமே சொல்லி அனுப்புச்சுங்க. கல்லாறு வரைக்கும் வண்டி தானா வந்துரும், அங்கிருந்து மாடு வேணும்னு."

நான் திரும்பி முனவ்வராவைப் பார்த்தேன். "போன வாரம் எஞ்சின் நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"

"நீங்க ஒடனே சரீன்னு சொன்னீங்கல்ல" என்றாள் அவள், வெகு பணிவாக. "கட்டிக்கிட்ட நாள்லருந்து நீங்க ஒண்ணுக்காவது ஒடனே சரீன்னு சொன்னதுண்டுங்களா?"

இரண்டு காளைகள் இழுக்க, ஒரு மோட்டாரில், மணிச் சத்தத்தோடு மேட்டுப்பாளையத்துக்குள் நுழைந்தேன். ஊர்கோலமும் அப்படியே நடந்தது. மோட்டாரும் மாடும் சேர்ந்த ஊர்கோலத்தை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. மாப்பிள்ளையை வேடிக்கை பார்த்தவர்களைவிட என்னை வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம். முனவ்வரா மாடியிலிருந்து தம்பியைப் பார்த்து அழுதாள். அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் சந்தோஷம்தான். மறுக்கவில்லை.

நிக்காஹ் முடிந்து சபையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஊர்ப் பெரியவர்கள், பெண் வீட்டார் அனைவரும் இருக்க, மாமனார் என்னைக் கேட்டார்.

"மாப்பிள்ள, எஞ்சின் இனி ஓடவே ஓடாதுங்களா?"

ஓடும் என்றால் நான் பொய்யன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஓடாதுங்க மாமா."

"பின்ன அத்தன ஏத்தத்துல எப்படிக் கொண்டு போவீங்க? மாடு தாங்காதே."

திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து முனவ்வராவின் குரல் வந்தது.

"வண்டி தம்பிக்கே சீரா இருக்கட்டுமுங்கத்தா. கூச்சத்துல அவரு வாயால சொல்ல மாட்டாரு. நாஞ் சொல்றேன்."

"மாஷா அல்லாஹ்!" என்றது சபை. சபையில் கொடுத்தது கொடுத்ததுதான். திரும்பப் பேச முடியாது. நூர் அகமது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். என் கண்ணீரை எல்லாரும் பாராட்டினார்கள்.

ஆனாலும் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. ரோட்டர் என்னிடம். அது இல்லாமல் இவர்கள் ஆயுசுக்கும் மாடுதான் பூட்ட வேண்டும். கொஞ்ச நாளில் சலித்துப்போய், "மச்சான், நீங்களே வெச்சுக்கங்க" என்று கெஞ்சுவார்கள். அந்த நினைப்பில் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். ஆயிரம் எஞ்சின்களுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வாசலுக்கு ஓடினேன். என் மோட்டார் ஜம்மென்று உறுமிக்கொண்டு நின்றது. முனவ்வரா என் கோட்டை நீட்டினாள்.

"தூசி தட்டறப்ப பாக்கெட்டுல என்னமோ கெடந்துச்சுங்க. தம்பிகிட்டக் காட்டினேன். மோட்டார் சாமான்னான். மாட்டினான், ஓடுது." பிறகு என் கண்ணைப் பார்த்தாள். "அதெப்படீங்க உங்க கோட்டுக்குள்ள வந்துச்சு?"

"தெரியலையே."

"எனக்கும் தெரியலீங்க" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எங்க கெளம்பறீங்க எல்லாரும்?"

"நம்ம ஊட்டுக்குத்தானுங்க. பொண்ணு மாப்பிள்ளைய விருந்துக்கு அழைக்கறது மொறதானுங்களே? ஒரு வாரம் இருந்துட்டு வரட்டும்."

சரி, என் வண்டியில் கடைசியாக ஒரு தடவையாவது போகலாம் என்று கதவருகே போனேன். ஸ்டியரிங்கில் நூர் அகமது. பக்கத்தில் மாமனார். பின்னால் மணப்பெண், அவளுக்குத் துணையாக ஓர் அத்தை. மிச்சமிருந்த இடத்தில் முனவ்வரா ஏறி உட்கார்ந்தாள்.

"நான்?" என்றேன்.

விருந்துக்கான நாலு கோழிகளையும் கூடையோடு எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இதுக வண்டியில வந்தா மெத்தை அழுக்காயிடுமுங்க. நீங்க பாத்து ரயில்ல கூட்டிட்டு வந்துருங்க."